ரெஜினா டீச்சர் சொன்ன ஒரு பொய்

செய்தி வந்தபோது கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஒரு அம்மாவுக்காக மூடி போட்ட பக்கெட் நான்கை அடுக்கிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. டீச்சரிடம் மொட்டைமாடியில் கணக்குப் படித்த சுந்தர் பேசினான். "அண்ணாச்சி, ரெஜினா டீச்சர் காலையில இறந்துட்டாங்க. ஹார்ட் அட்டாக். மயிலாப்பூர்ல தங்கச்சி வீட்ல வெச்சிருக்காங்க. சாயந்திரம் எடுக்குறாங்க." சரி என்று போனை வைத்தேன். அந்த அம்மாவுக்கு நான்கு பக்கெட்டையும் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினேன். வியாபாரியின் கை அப்படி. மனசு உட்கார்ந்துவிட்டாலும் அது முடிச்சைப் போட்டுவிடும்.

டீச்சரின் பழைய மாணவர்கள் நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். "டீச்சர் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்ங்கிற முறையில நீங்களும் நாலு வரி எழுதிக் கொடுங்க அண்ணாச்சி" என்று சுந்தர் கேட்டான். பொறுமையானவர், கண்டிப்பானவர், ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட மாடியில் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போகாதவர் என்று நாலு வரியை முடித்துவிடலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் டீச்சரைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரிய விஷயம் ஒன்று உண்டு. போன வாரம் வரை என்னையும் என் மனைவியையும் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது. அவர் இருக்கும்வரை அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உரிமை என்ன உரிமை, தைரியம் இல்லை. அவரைத் தெரிந்த நீங்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு தி.நகரில் பிளாஸ்டிக் சாமான் கடை. வீடு மேற்கு மாம்பலத்தில். கீழே நாங்கள் இருந்தோம், மேல் மாடியை வாடகைக்கு விட்டிருந்தோம். தொண்ணூற்றிரண்டில் வீடு பார்க்க வந்தார் டீச்சர். சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் துபாயில் வேலை. கையில் ஆறு வயதுப் பெண் குழந்தை, அமலி. வழக்கமாக வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்பார்கள். இவர் என் மனைவியைப் பார்த்து, "உங்க வீட்ல யாருக்காவது அம்மை போட்டா வாசல்ல வேப்பிலை கட்டுவீங்களா?" என்று கேட்டார்.

என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "கட்டாம இருப்போமா? நாங்க மாரியம்மனக் கும்பிடுறவங்க. வருசா வருசம் கூழ் ஊத்துறோம்."

"அப்ப இந்த வீடு எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் டீச்சர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏன் டீச்சர், நீங்க வேதக்காரங்க. வேப்பிலையில உங்களுக்கு என்ன?"

"உங்களுக்கு அது சாமி அண்ணாச்சி. எனக்கு அது நோட்டீஸ் போர்டு."

பிறகு உட்கார்ந்து, வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். அமலிக்கு நோயை எதிர்க்கிற சக்தி பிறவியிலேயே சரியாக அமையவில்லை. இவளுக்கு முன்னால் பிறந்த ஒரு குழந்தை எட்டு மாதத்தில் போய்விட்டது. காரணம் அப்போது தெரியவில்லை. இவளைப் பார்த்த டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டது, சொந்தத்தில் கல்யாணமா என்றுதான். டீச்சர் கட்டியிருந்தது மாமன் மகனை. இரண்டு பேரிடமும் வெளியே தெரியாமல் இருந்த ஒரே குறை, பிள்ளையிடம் ஒன்றாகச் சேர்ந்து வந்துவிட்டது. "மத்த பிள்ளைங்களுக்கு அம்மை போட்டா பத்து நாள்ல இறங்கிடும். இவளுக்கு உள்ள போயிடும். நுரையீரல்ல இறங்கும், மூளைக்கும் போகும். அம்மை போட்ட பிள்ளையோட பழகிட்டான்னு தெரிஞ்சா மூணு நாள், மிஞ்சிப்போனா நாலு நாளைக்குள்ள ஒரு ஊசி போட்டாகணும். அது பம்பாய்லேர்ந்து ஐஸ் பெட்டியில வரணும். அதனால அன்னைக்கே எனக்குத் தெரியணும். என் கண்டிஷன் இது ஒண்ணுதான்."

"குடிவர்றவங்க வீட்டுக்காரனுக்குக் கண்டிஷன் போடுறத இப்பத்தான் பாக்கிறேன்."

"சிரிக்காதீங்க. சரின்னு சொல்லுங்க."

சரி என்றேன்.

மாடிப்படி எங்கள் வாசலை ஒட்டி வெளியே இருந்தது. ஏறி இறங்குகிறவர் எங்கள் நிலைக்கதவைப் பார்க்காமல் போக முடியாது. அதையும் டீச்சர் அன்றே பார்த்து வைத்திருந்தார்.

அமலி பள்ளிக்கூடம் போகவில்லை. டீச்சர் வேலைக்குப் போகும் நேரத்தில் அவருடைய தங்கை வந்து கூட இருப்பார். பாடமெல்லாம் சாயங்காலம் அம்மாவிடம்தான். கூட விளையாட ஒரே ஆள், அமலியைவிட ஒரு வயது மூத்த என் கடைசிப் பெண் கவிதா. அதற்கும் சட்டம் உண்டு. சளி, இருமல் இருந்தால் மேலே போகக் கூடாது. கை கால் கழுவிவிட்டுத்தான் பாயில் உட்கார வேண்டும். தாயம் உருட்டுவார்கள். "கவி, ஏமாத்தாத! ஆறு விழல, அஞ்சுதான்" என்று அமலி போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். எனக்கு அவள் வைத்த பெயர் பக்கெட் மாமா. ஒருநாள் படியில் உட்கார்ந்துகொண்டு என்னை மடக்கினாள்.

"பக்கெட் மாமா, உங்க கடையில உடையாத பக்கெட் இருக்கா?"

"நம்ம கடையில எதுவுமே உடையாது."

"அப்ப மறுபடி யாரு வந்து வாங்குவாங்க?"

இருபது வருடம் வியாபாரம் பார்த்த நான் தாடையைத் தடவினேன். மாடியிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தார்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி. தெரிஞ்ச மாதிரி முழிக்காதீங்க." அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள்.

உள்ளதைச் சொன்னால், அந்தக் குழந்தைக்கு அப்படிப்பட்ட வியாதி என்பதை நான் முழுசாக நம்பவில்லை. துறுதுறுவென்று இருப்பாள். மாதத்தில் ஒரு தடவை காய்ச்சல் வரும், ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், வந்துவிடுவார்கள். ஒற்றைப் பிள்ளை, டீச்சர் கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறார் என்பது என் எண்ணம். என் கடையில் வேலை பார்த்த அத்தனை பேரும் அம்மை வந்து எழுந்தவர்கள்தானே.

மூன்று வருடம் இப்படிப் போனது. ஒரு மாசி மாதம் என் மூத்த மகள் மல்லிகாவுக்கு அடையாறில் இடம் அமைந்தது. நல்ல குடும்பம். அலைந்து அலைந்து வந்த இடம். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின திங்கட்கிழமை சாயங்காலம் கவிதாவின் முதுகில் நாலைந்து கொப்புளம். ஞாயிறு முழுக்க அவள் மேலேதான் இருந்தாள், அமலியோடு.

அம்மை போட்ட வீட்டில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் கல்யாணத் தரகர் அன்றைக்கே அடையாறுக்குப் போன் போடுவார். அவர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். தள்ளிப்போகிற சம்பந்தம் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. நான் முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. செவ்வாய் விடிந்ததும் கவிதாவைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்து, நங்கநல்லூரில் என் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். "அம்மா வந்திருக்கிற பிள்ளைய வாசப்படி தாண்ட விடக் கூடாதுங்க" என்று என் மனைவி அழுதாள். "வெள்ளிக்கிழமை முடியட்டும்" என்றேன். வாசலில் ஒரு இலைகூடக் கட்டவில்லை.

வீட்டு வேலைக்கு வரும் முனியம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. "இன்னா அண்ணாச்சி, பாப்பாக்கு ஆத்தா வந்துகீதுன்றாங்க, வாசல்ல ஒரு கொத்து வேப்பலகூடக் காணோம்? ஆத்தாவையே டபாய்க்கிறியா நீ?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் தொறக்காத முனியம்மா."

"நான் இன்னாத்துக்குத் தொறக்கப் போறேன்? ஆத்தா தொறப்பா."

டீச்சரிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. சொன்னால் டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், ஐஸ் பெட்டி வரும், தெரு கேட்கும் என்று நினைத்தேன். நாலு நாள்தானே என்று நினைத்தேன். அவருக்கு அந்த நாலு நாள்தான் எல்லாம் என்று என்னிடம் சொல்லியிருந்ததை நான் மறக்கவில்லை. அதுதான் விஷயம். மறந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

புதன்கிழமை படியில் டீச்சர் என்னை நிறுத்தினார். "கவிதாவ ரெண்டு நாளா காணோமே அண்ணாச்சி? உடம்பு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா இருக்கா. சித்தப்பா வீட்டுக்கு நங்கநல்லூர் போயிருக்கா. ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகணும்னு ஒரே அடம்."

"அமலி தேடிட்டே இருக்கா. வந்ததும் அனுப்புங்க."

ஆஞ்சநேயரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பொய் நிற்க வேண்டுமே என்று நானாகச் சேர்த்தது.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் குறைவில்லாமல் நடந்தது. டீச்சர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இறங்கி வந்து, என் மனைவியோடு நின்று, வந்தவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுத்தார். சம்பந்தி அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அது ஐந்தாவது நாள். கூடத்தில் அவர் குறுக்கும் நெடுக்கும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடு என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதே நேரத்தில் தாம்பூலத் தட்டை மாற்றக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை மேலே ஏறினேன். அமலி சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "பக்கெட் மாமா, மல்லிகா அக்காவோட மாப்பிள்ளைக்கு மீசை இருக்கா?" என்று கேட்டாள். நான் டீச்சரை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினார். "புதன்கிழமை நான் கேட்டப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அடுப்பை அணைத்தார். "அமலி, செருப்பு போடு. ஆட்டோ கூப்பிடுங்க அண்ணாச்சி." அவ்வளவுதான் பேசினார்.

ஊசி ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. தாமதம் என்று தெரிந்தேதான் போட்டார்கள். அடுத்த வாரம் அமலிக்குக் கொப்புளம் வந்தது. கவிதாவுக்கு வந்தது போல அல்ல. உடம்பில் இடம் மிச்சமில்லாமல் வந்து, நுரையீரலில் இறங்கியது. அதற்கென்று இருக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். கவிதா அதற்குள் குளித்து எழுந்து, மாம்பலம் வந்து, தாயக்கட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்பதாவது நாள் அமலி இறந்தாள். அவளுக்கும் வயது ஒன்பதுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். "முதல் நாளே ஊசி போட்டிருந்தா பிழைச்சிருப்பாளா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. வாய்ப்பு நிறைய இருந்திருக்கும்."

வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசிப் பிழைத்தவன் நான். அந்த 'நிறைய' என்பதை அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் சம்பந்தி அம்மா துக்கம் கேட்க வந்தார். கல்யாணம் வைகாசியில், இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. மேலே டீச்சரோடு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கேட்டார்: "இவ்வளவு பத்திரமா வெச்சிருந்தீங்களே டீச்சர், குழந்தைக்கு அம்மை எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் வாசல்படி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி சுவரைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "ஸ்கூல்ல யாருக்காவது இருந்திருக்கும்" என்றார்.

அமலி பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அந்த அறையில் அது தெரியாத ஒரே ஆள் சம்பந்தி அம்மா. ஒரு மதிப்பெண்ணுக்குக்கூடத் தப்பான விடையை விடாத டீச்சர், பிள்ளையைப் புதைத்த நாலாம் நாள் எங்களுக்காக ஒரு பொய் சொன்னார்.

கல்யாணம் நடந்தது. அதன் பிறகுதான் டீச்சர் சனிக்கிழமை மொட்டைமாடியில் கணக்கு வகுப்பு ஆரம்பித்தார். உங்களில் பலர் அங்கே படித்தவர்கள். ஒரு சனிக்கிழமை நீங்கள் வருவதற்கு முன்னால் நான் ஏறிப் போனேன். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அந்தம்மா முன்னாடி உங்களை மாட்டிவிட்டா அழப்போறது மல்லிகாதானே? அவ என்ன தப்பு பண்ணா?"

"அப்ப என்னை மன்னிச்சிட்டீங்களா டீச்சர்?"

பாயை உதறிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அதை நான் இன்னும் முடிவு பண்ணல அண்ணாச்சி. பண்ணினா சொல்றேன்." பிறகு, "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க, பசங்க வர்ற நேரம்" என்றார். இரண்டு பேருமாகப் பாயை விரித்தோம்.

அமலியைப் பார்த்த டாக்டரின் கிளினிக் கோட்டூர்புரத்தில் இருந்தது. அதே மாதிரிக் குறையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்கள் அங்கே வருவார்கள். மாதம் ஒருநாள் டீச்சர் போய் அவர்களோடு உட்கார்ந்திருப்பார். கொதிக்க வைத்த தண்ணீருக்கு மூடி போட்ட பக்கெட் வேண்டும் என்று சொல்லியனுப்பினார் என்று ஒரு தடவை நானே கொண்டு போனேன். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அக்கம்பக்கத்துல சொல்லி வைம்மா, அம்மை வந்தா சொல்லுங்கன்னு. ஒரு தடவை சொன்னாப் போதாது. மாசா மாசம் போய்ச் சொல்லு. சலிச்சுப் போனாலும் பரவாயில்ல. நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்."

பக்கெட்டுகளைக் கதவோரம் வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். தப்பில் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷி. முழுதும் என்னுடையது என்று அந்தப் பெண் முன்னால் போய்ச் சொல்ல நான் திரும்பி ஏறவில்லை.

தொண்ணூற்றேழில் டீச்சர் தங்கை வீட்டுப் பக்கமாக மயிலாப்பூர் போனார். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. சாவியைக் கொடுக்க வந்தார். இப்போது சொல்வார் என்று நின்றேன். "பின்பக்கக் குழாய் ஒழுகுது அண்ணாச்சி, வாஷர் மாத்துங்க" என்றார். அதன் பிறகு இரண்டு மூன்று தடவை கடைக்கு வந்தார். பேரக் குழந்தையைப் பற்றி விசாரிப்பார், மல்லிகாவை விசாரிப்பார், கவிதா என்ன படிக்கிறாள் என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவர் படியிறங்கி பஸ் ஸ்டாப்பைத் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் போன வாரம் அடையாறுக்குப் போய்ச் சம்பந்தி அம்மாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். மல்லிகாவும் இருந்தாள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்னும் என்னிடம் பேசவில்லை. சம்பந்தி அம்மா அவள் போன கதவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்பவே சொல்லியிருந்தா நிச்சயதார்த்தத்தை ஒரு மாசம் தள்ளி வெச்சிருப்போம். அவ்வளவுதானே சம்பந்தி?"

அவ்வளவுதான். எதிராளி என்ன செய்வான் என்று முன்கூட்டியே அறிந்து தொழில் செய்கிறவன் என்று என்னைப் பற்றி நான் பெருமைப்பட்டுக்கொள்வதுண்டு.

டீச்சரிடமிருந்து பெற்றதை இந்த மலரில் ஒவ்வொருவரும் எழுதுவீர்கள். நான் பெற்றது மன்னிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முடிவு பண்ணினால் சொல்கிறேன் என்றார், அதன் பிறகு நாலு வருடம் இருந்தார், சொல்லவில்லை. நான் காத்திருப்பது அவருக்குத் தெரியும். ஆறுதலுக்காக ஒரு வார்த்தையை என் பக்கம் போட்டுவிட்டுப் போவது அவருக்குப் பெரிய காரியமல்ல. செய்யவில்லை. என் மகளுக்காக ஒரு பொய் சொன்னார். எனக்காக இரண்டாவது பொய் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது அதுதான்.